தன்னை இகழ்தலும் ஆணவமே

ஆணவம் என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவில் செருக்கு என்று பொருள் கொள்ளுதல் உலக வழக்கு. தன் கல்வியையும் செல்வத்தையும் தானே பாராட்டிப் பேசுவானையும், பெரியோர் வரக் கண்டும் எழுந்து நில்லாதானையும் 'ஆணவம் பிடித்தவன்' என்பர். அவ்வழக்குப் பிழையுடையதன்று, ஆயினும் அச்சொல்லின் முழுப்பொருளை அஃது உணர்த்துவதுமன்று. அணு என்பதினின்று பிறந்தது ஆணவம். இயல்பிலே வியாபகமாகிய உயிரினது அறிவையும் இச்சையையும் செயலையும் தடுத்து, அதனை அணுவளவினது போலச் சுருக்கி நிற்றலின் அம்மலம் அப்பெயர் பெற்றது. ஆகவே உயிரைச் சிறுமைப்படுத்தலே ஆணவத்தின் முதற்றொழில். சிறுமைப்பட்ட உயிர் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளுதல் அதன்பின் நிகழ்வது.

சித்தாந்த நூல்களைப் பாடங்கேட்டார் யாவரும் இதனை அறிவர். அறிந்தும், செருக்கைக் கண்டு அஞ்சும் நாம் அதன் உடன்பிறப்பாகிய மற்றொன்றைக் கண்டு அஞ்சுகின்றிலம். அதற்கு அடக்கம் என்று பெயரிட்டுப் போற்றவுஞ் செய்கின்றோம். 'என்னால் இஃது இயலாது', 'யான் இதற்குத் தகுதியுடையேன் அல்லேன்', 'வாய் திறப்பேனாயின் அவையோர் நகுவர்', 'சென்றமுறை பிழைபட்டேன், இம்முறையும் அங்ஙனமே ஆகும்' என்று உள்ளத்தினுள்ளே ஓயாது எழுங் குரல் ஒன்றுண்டு. அக்குரலைப் பற்றியே ஈண்டுச் சில கூறப் புகுந்தேம்.

இஃது உலகியலில் உழல்வார்க்கே உரியதொரு நோய் என்று கருதற்க. பாடசாலைகளிலும் மடங்களிலும் இதனால் நேர்ந்த இழப்பு மிகுதி. திருமுறை ஓதும் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்க. ஐந்தாண்டு ஆசிரியர்பால் இருந்து பண்ணடைவாகப் பதிகங்களைப் பாடங்கொண்டான். நட்டபாடை முதலாகப் பண் ஒவ்வொன்றின் நடையும் அவன் நாவிற் பதிந்துள்ளது. ஒரு குருபூசை நாளில், அன்பர் பலர் குழுமியிருக்கச் சந்நிதியில் தனித்து நின்று பாடுமாறு அவனைப் பணித்தனர். மூன்றாந் திருப்பாட்டில் ஓரடி நழுவிற்று. முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தாரை நோக்கிப் புன்முறுவல் செய்தார். அவ்வளவே. அன்று தொட்டுக் கூட்டத்தோடு கூடிப் பாடுங்கால் குயில்போலப் பாடுவான். தனித்து நில் என்றால் தொண்டை வறளும், கால் நடுங்கும். இத்தகையோர் பலரை யாம் கண்டிருக்கின்றோம். சின்னாளிற் கடையிற் கணக்கெழுதச் சென்றுவிட்டாரும் அவருள் உளர். கணக்கெழுதுதல் இழிந்த தொழிலன்று. ஆயினும் அவர் கற்ற பண்கள் அவரோடு வாய்மூடிக் கிடக்கின்றனவே என்று யாம் வருந்துவதுண்டு.

அம்மாணவனுக்கு நிகழ்ந்தது யாது? பாடம் மறந்ததா எனின், அன்று. தனியிருந்து ஓதுவானாயின் ஓரெழுத்தும் பிறழாது ஓதுவான். உயிரினது அறிவு சுட்டறிவு. ஒரு காலத்து ஒன்றனையே பற்றி அறிவது அதன் இயல்பு. பாடும்பொழுது அது பாட்டிலே பற்றி நிற்குமாயின் பாட்டு ஒழுகும். பாடிக்கொண்டே, 'யான் எங்ஙனம் பாடுகின்றேன்? அவர் என்னை எவ்வாறு நோக்குகின்றார்?' என்று தன்னையே சுட்டத் தொடங்குமாயின், பாட்டைவிட்டுத் தன்னைப் பற்றுகின்றது. மீண்டுந் தன்னைவிட்டுப் பாட்டைப் பற்ற ஓடுகின்றது. இவ்விரண்டற்கும் இடையே ஓடுங்கால் அடி நழுவுகின்றது. படியிறங்குவான் தன் பாதத்தையே எண்ணி எண்ணி வைப்பானாயின் இடறுதல் போல்வது இது. பயின்ற தொழில் எதற்கும் இஃதொக்கும். நழுவியபின்போ, 'கண்டனையா, யான் முன்னரே கூறினேன் அன்றோ' என்று அவ்வுட்குரல் தன் தீர்க்கதரிசனத்துக்குச் சான்றும் பெற்றுவிடுகின்றது. தான் விளைத்த கேட்டையே தன் வாய்மைக்குச் சான்றாகக் காட்டும் இச்சூழ்ச்சியை நன்கு நோக்குக.

இதனை ஆணவம் என்றல் எற்றுக்கு? தன்னைத் தாழ்த்திக்கொள்வானிடத்துச் செருக்கு யாண்டையது? என்று வினாவுவார் உளராயின், அருணந்தி சிவாசாரியார் அருளிய இருபாவிருபதினை நோக்குமாறு வேண்டுவோம். ஆணவத்தின் குணங்களை எட்டாக ஆண்டு அவர் வகுத்துக் கூறுவர். அவ்வெட்டனுள் மதமும் உண்டு, அஞரும் உண்டு. மதமாவது செருக்கு. அஞராவது உள்ளம் நொந்து வருந்துதல். ஒருதாய் வயிற்று மக்கள் என இரண்டனையும் ஆசிரியர் ஒருங்கு வைத்து எண்ணினர். அன்றியும், ஆணவத்துக்கு மறைத்தலாகிய ஆவாரக சத்தியேயன்றி, அறிவைக் கீழ்நோக்கிச் செலுத்தும் அதோநியாமிகை என்னுஞ் சத்தியும் உண்டென்பர். 'யான் பெரியன்' என்பானும் 'யான் சிறியன், ஒன்றற்கும் உதவேன்' என்பானும் கூறுவன வேறாயினும், இருவர் வாக்கியத்துக்கும் எழுவாய் ஒன்றே: யான். இருவரும் கண்ணாடியின் முன்னே இருக்கின்றனர். ஒருவன் மகிழ்கின்றான், ஒருவன் அழுகின்றான். கண்ணாடியைவிட்டு எழுந்தவர் இருவருள் ஒருவருமிலர்.

இன்னும் நுணுகி நோக்குவாம். அக்குரல் யாருடையது? உயிரினுடையதே என்றுதான் நாம் கொண்டுவிடுகின்றோம். சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம் அதனை மறுக்கின்றது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்களுள் ஒன்று அன்று உயிர். ஆயினும் மலத்தால் மறைப்புண்டமையின் அவற்றோடு கூடியே அறிந்து வருகின்றது. இக்கூட்டத்துக்கு மெய்கண்டதேவர் காட்டிய உவமை அரசனும் அமைச்சரும். சித்தம் சிந்திக்கும்; மனம் பற்றி ஐயுறும்; அகங்காரம் முனைந்தெழும்; புத்தி இது இன்னது என்று துணியும். இவை அமைச்சர் பணிகள். 'சென்றமுறை பிழைத்தது' என்று நினைவூட்டுதலும், 'இம்முறை என்னாகுமோ' என்று ஐயுறுதலும் அமைச்சர் செய்யத்தக்கனவே. ஆயின் அமைச்சன் ஒருவன் அரியணை ஏறியமர்ந்து, 'இவ்வரசன் ஆளத் தகாதவன்' என்று தீர்ப்புங் கூறுவானாயின், அதனை அரசன் கைகட்டி நின்று கேட்பானாயின், அந்நாடு என்படும்? நம்முள்ளே நாடோறும் நிகழ்வது இதுவேயாம். சடமாகிய கருவியொன்று சித்தாகிய உயிர்க்குத் தீர்ப்பெழுதுகின்றது. உயிர் அதனைத் தன் கையெழுத்து என்று நம்புகின்றது.

அன்றியும், 'யான் தகுதியற்றவன்' என்று கூறுவான், தன்னைத் தான் முழுதும் அறிந்தவன்போலக் கூறுகின்றான். சித்தாந்தம் அவ்வறிவை உயிர்க்குத் தந்ததில்லை. கண் பிறவற்றைக் காணுமன்றித் தன்னைத் தான் காணாது; காட்டுவார் காட்டக் காணும் இயல்புடையது உயிர். தன்னை மெய்யாகக் காண்டலும் திருவருள் ஒளியிலே நிகழற்பாலது. அவ்வொளியின்றி, அகங்காரத்தின் மங்கிய விளக்கைக் கொண்டு தன்னளவை அளந்து, 'இவ்வளவே யான்' என்று முடிவு கட்டுதல் அடக்கமாமா? உண்மை நோக்கின், இறைவன் ஒருவனே அறியத்தக்கதொன்றை யான் அறிந்தேன் என்னும் துணிவு அன்றோ அது? செருக்குக்கு இதனினும் மிக்க வடிவம் வேறு யாது?

அற்றேல், மாணிக்கவாசக சுவாமிகள் தம்மை நாயினும் கடைப்பட்டவராகப் பலகாலுங் கூறினரே, அப்பர் சுவாமிகள் தம் குற்றங்களை எடுத்தெடுத்துப் பாடினரே, அவையெல்லாம் என்னை? எனின், இவ்வினா விடுக்கத்தக்கதே. இதற்கு விடை காணாது மேற்செல்லுதல் கூடாது. அப்பெரியோர் கூறியதற்கும் நம் உட்குரல் கூறுவதற்கும் சொல் ஒன்றுபோலத் தோன்றினும், நோக்கும் இடம் வேறு, விளைவும் வேறு. அவர் கூறியது இறைவனை முன்னிலைப்படுத்தி. தம் சிறுமையை அவன் பெருங்கருணைக்கு அருகே வைத்து வியந்தனர். 'இத்தகைய என்னையும் ஆண்டனையே' என்பது அவ்விரக்கத்தின் முடிபு. ஆகவே அச்சிறுமையுணர்வு அவரை வாயடைக்கச் செய்திலது, பாடச் செய்தது. திருவாசகம் அறுநூற்றுக்கு மேற்பட்ட பாடல்களாய் வெளிவந்தது. நம் உட்குரலோ எவரையும் முன்னிலைப்படுத்துவதன்று; தனக்குத் தானே முணுமுணுப்பது. அது வாயை அடைக்கும், கையைக் கட்டும். இகழ்ச்சியின் பின்னர்த் தொண்டு பிறந்ததா, தொண்டு நின்றதா என்று காணுதலே இரண்டனையும் வேறு பிரித்தறியும் உரைகல்.

சேக்கிழார் பெருமான் செய்ததைக் காண்க. பெரியபுராணத்துத் தொடக்கத்தில் அவையடக்கங் கூறப் புக்க அவர், கடல்நீர் முழுதும் பருக விரும்பிய நாயொன்றைத் தமக்கு உவமையாக எடுத்துக்கொண்டனர். சோழப் பேரரசின் அமைச்சராய் வீற்றிருந்தவர் கூறுங் கூற்றா இது! கூறியது வெறுஞ் சொல்லளவினதும் அன்று. திருத்தொண்டர் பெருமையை உணர்ந்தார்க்கு அங்ஙனமே தோன்றும். ஆனால் அதனை எத்துணைமுறை கூறினார்? வாயிலில் நின்று கூறினார். உட்புகுந்தபின் அக்கூற்றைக் காவலாக வாயிலிலேயே நிறுத்திவிட்டு, நாலாயிரத்துக்கு மேற்பட்ட திருவிருத்தங்களைத் தங்குதடையின்றிப் பாடி முடித்தார். ஒவ்வொரு விருத்தத்தின் ஈற்றிலும், 'யான் நாயன்றோ, இதனைப் பாடலாமோ' என்று நின்று நின்று சென்றிருப்பாராயின் நமக்குப் பெரியபுராணம் கிடைத்திராது. அவையடக்கம் நூலின் வாயிலில் இருக்கத்தக்கது. அதனை நூலின் நடுவே கொண்டுவந்து கிடத்துவாரையே யாம் நோக்கிப் பேசுகின்றோம்.

திருவெண்ணெய்நல்லூரில் நிகழ்ந்ததும் இவ்விடத்து எண்ணத்தக்கது. மணப்பந்தரில் வந்து வழக்கிட்ட முதியவரை நம்பியாரூரர் பித்தரோ என்று இகழ்ந்து பேசினர். வழக்கில் தோற்றுத் திருவருட்டுறைக் கோயிலினுள்ளே இறைவனை உணர்ந்தபின், 'நம்மைப் பாடுக' என்று கட்டளை பிறந்தது. அப்பொழுது நம்பிகள் என் செய்தார்? நின் குணக்கடலை யான் ஒன்றும் அறியேனே, எதனைச் சொல்லிப் பாடுவேன் என்று தயங்கினார். தன்னிகழ்ச்சி தலைகாட்டும் இடம் இதுவே. இறைவன் அதற்கு விடையாக, 'நீ வல்லவன், அஞ்சற்க' என்று அவரைப் புகழ்ந்தானல்லன். 'அறியேன் என்றல் தகாது' என்று கடிந்தானுமல்லன். முன்னர் நீ நம்மைப் பித்தன் என்றனையே, அச்சொல்லையே முதலாக வைத்துப் பாடுக என்றனன். பிழையாகப் பேசிய சொல்லே முதற்சொல்லாயிற்று; இந்தளப் பண்ணில் ஏழாந் திருமுறையின் முதற்பதிகம் எழுந்தது. பிழையை இறைவன் வைத்துக்கொண்டு பணிகொள்ளும் முறை இது. நம் உட்குரலோ பிழையை வைத்துக்கொண்டு பணியினின்றும் விலக்குகின்றது. இவ்விரண்டு முறைகளையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, அக்குரல் எவ்விடத்தினின்று வருகின்றது என்பதில் ஐயம் எழாது.

மதுரையில் திருஞானசம்பந்தப் பிள்ளையார் மங்கையர்க்கரசியார்க்குக் கூறிய விடை இன்னுந் தெளிவுடையது. எதிர்த்தரப்பினர் பலராய்த் திரண்டிருக்க, பால்மணம் மாறாப் பிள்ளையாகிய இவர் ஒருவரே எதிர்நிற்கின்றாரே என்று அவ்வரசியார் கவன்றனர். பிள்ளையார் அக்கவற்சியை மாற்றுதற்பொருட்டு, 'யான் பாலன் அல்லேன், பெரிய புலவன்' என்று மறுத்திலர். பாலன் என்று இரங்கற்க. திருவாலவாய் இறைவன் உடன் நிற்றலின் யான் இவர்க்கு எளியேன் அல்லேன் என்றனர். நிற்பவன் அவனாயின் நிற்கும் இடத்தின் சிறுமை ஒரு குறையாமா? உறுதிப்பாடு என்று உலகம் தேடியலைவது இதுவே. தன்வலியைப் பன்மடங்காகப் பெருக்கி எண்ணுதலால் அது வாராது. அங்ஙனம் எண்ணிய உறுதி, ஒருமுறை அடி நழுவிய அளவில் நீர்க்குமிழிபோல உடையும்.

இனி அக்குரலை அடக்குமாறு யாது? முதற்கண் ஒன்று கூறல் வேண்டும். அதனோடு மற்போர் புரிதல் பயனின்று. 'இவ்வெண்ணம் எழற்க, எழற்க' என்று எண்ணத்தை எண்ணத்தால் மிதிப்பான், மிதிக்குந்தோறும் அதனையே எண்ணுகின்றான். மேனாட்டு உளநூலாரும் இதனைச் சோதித்துக் கண்டனர். 1987-ஆம் ஆண்டில் டேனியல் வெக்னர் என்பாரும் அவர் துணைவரும், மாணவர் சிலரை அழைத்து, வெள்ளைக் கரடி ஒன்றை நினையாதிருக்குமாறும், நினைவு வரின் மணியை அடிக்குமாறும் கூறினர். மணி ஓய்ந்திலது. பின்னர் நினைக்கலாம் என்று விடுத்தபொழுது, முதலிலேயே நினைக்க விடப்பட்டோரினும் இவர் அதனை மிகுதியாக நினைந்தனர். குரங்கை நினையாது மருந்துண்க என்ற வைத்தியன் கதையை நம் பாட்டிமார் கூறக் கேட்ட நமக்கு இஃது ஒரு புதுமையன்று. எனினும் பழங்கதைக்கு அளந்த சான்று கிடைத்தது நன்றே.

மற்போர் வேண்டாவெனின் வேறென்? தசகாரியம் கூறும் முறையின் முதல் மூன்று படிகள் இதற்கு உதவும். தத்துவ ரூபமாவது தத்துவங்களின் இயல்பை இன்னதென்று அறிதல். தத்துவ தரிசனமாவது அவை சடம், தான் அல்ல என்று காண்டல். தத்துவ சுத்தியாவது அவற்றினின்றும் நீங்கி நிற்றல். முப்பத்தாறு தத்துவங்களுக்கும் உரிய இம்முறையை இவ்வொரு குரலளவிற் கைக்கொண்டு பார்க்கலாம். அதனால் அதன் உயர்ந்த பொருட்குக் குறைவு வாராது என்பது எம் கருத்து. 'தகுதியற்றவன்' என்ற எண்ணம் எழுந்தவுடன், 'இதோ அகங்காரம் முனைகின்றது. மனம் ஐயுறுகின்றது' என்று அதன் பெயரைச் சொல்லி அறிக. பெயர் சொல்லப்பட்ட அளவிலே அது காணப்படும் பொருளாய் எதிரே நிற்கும். காண்பானாகிய உயிர் வேறாய் இப்பால் நிற்கும். நீங்கி நிற்றல் என்றது அதனை அழித்தலன்று. கோயிற்குச் செல்வான் தெருவில் எழும் ஒலிகளைக் கேட்பினும் அவற்றிற்கெல்லாம் மறுமொழி கூறிக்கொண்டு நில்லான். தன் வழியே செல்வான். அதுபோல்வது.

இவ்வேறுபாட்டை எளிதில் உண்டாக்குதற்கு நம் அருளாளர் கையாண்ட வழியொன்று உண்டு. அதனைப் பலர் கருதிற்றிலர். அப்பர் சுவாமிகள் தம் உள்ளத்தை 'நெஞ்சே' என்று முன்னிலையாக்கி, எதிரிருப்பார் ஒருவர்க்குக் கூறுவது போல அறிவுரை கூறுவர். ஞானசம்பந்தரும் நம்பியாரூரரும் பதிகத்து இறுதியில் தம்மைத் தம் பெயராற் படர்க்கையில் வைத்துக் கூறுவர். யான் பாடினேன் என்னாது, ஞானசம்பந்தன் பாடியவை, ஊரன் பாடியவை என்பர். 2014-ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஈதன் கிராஸ் என்பாரும் பிறரும் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றை இதனோடு வைத்து எண்ணுக. சிறிது பொழுதிற் சித்தம்செய்துகொண்டு அவைமுன் பேச வேண்டியவருள், தமக்குள்ளே 'நான்' என்று எண்ணாது தம் பெயரையோ 'நீ' என்பதையோ இட்டு எண்ணியவர் நடுக்கங் குறைந்தனர். அவர் பேச்சைக் கேட்டு மதிப்பிட்டோரும் அதனை நன்றென்றனர். பேசி முடித்தபின் வெட்கி வருந்துதலும் அவர்க்குக் குறைந்திருந்தது. உளநூலார் முடிபுகள் நாடோறும் மாறுவன; அவற்றின்மேல் நம் சமயத்தை நிறுவ வேண்டுவதில்லை. ஆயினும், தன்னை விட்டு ஓரடி விலகி நின்று பேசும் அருளாளர் முறை ஓர் அலங்காரமாத்திரையாகாது என்று நாம் கொள்ளுதற்கு அஃது இடந்தருகின்றது. பதிகம் ஓதும் மாணவன் திருக்கடைக்காப்பை ஓதுங்கால் இதனை நினைவானாக.

எனினும் விலகி நிற்றல் பாதிவழியே. உயிர் சார்பின்றி நில்லாது. சார்ந்ததன் வண்ணமாதல் அதன் இயல்பு. ஒன்றை விட்டால் மற்றொன்றைப் பற்றியே தீரும். பற்றுதற்கு நல்லதொன்றைக் கொடாது 'தன்னை எண்ணாதே' என்று மாத்திரம் ஒருவனுக்குக் கூறுதல், பிடித்த கொம்பை விடு என்று நடுமரத்தில் நிற்பானுக்குக் கூறுவதனோடொக்கும். திருவைந்தெழுத்தின் அடைவை நோக்குக. சிகரம் சிவம், வகரம் அருள், யகரம் உயிர், நகரம் திரோதம், மகரம் மலம். உயிராகிய யகரம் நடுவே நிற்கின்றது. ஒருபுறம் சிவமும் அருளும். மறுபுறம் திரோதமும் மலமும். தன் குறைகளையே எண்ணியெண்ணி உருகுவான் வலிய அறநெறியில் நிற்பவன்போல் தனக்குத் தோன்றலாம். அவன் நோக்கியிருப்பது மகரத்தையே. முகத்தைத் திருப்பிய அளவில் அருகே நிற்பது வகரம். அவன் ஓரிடமும் பெயர்ந்து செல்ல வேண்டுவதில்லை.

சந்நிதியில் நிற்கும் ஓதுவார்க்கு முகத்தைத் திருப்புதல் என்பது யாது? மிக எளியது. பாடுகின்ற பதிகம் எத்தலத்தது, அத்தலத்து இறைவன் யாவன், அவனை நோக்கி இச்சொல் சொல்லப்படுகின்றது என்று உணர்ந்து, அச்சொல்லை அவனிடம் சேர்ப்பித்தல். கேட்பவன் அவன். முன் வரிசையில் இருப்பார் அக்கேள்வியில் உடன் பங்கு பெறுவோர்; அவர் நீதிபதிகள் அல்லர். அவ்வாறு நின்று பாடியபொழுது குரல் தானே தெளிந்ததை அறிந்தார் பலர். சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் இறைபணி நிற்றல் என்று கூறும் நிலைக்கு இஃது ஒரு சிறு தொடக்கம். முழுநிலை கைகூடியவர்க்கு மலமாயை கன்மங்கள் வலியிழத்தல் ஆண்டுக் கூறப்படும் பயன். தொடங்குவார்க்கோ நடுக்கம் குறைதலும் பாட்டுச் செப்பமுறுதலும் கிடைக்கும். அவற்றை நாடியே இதனைச் செய்தல் சிறப்பன்றாயினும், கிடைப்பதைத் தள்ளவும் வேண்டா.

இவ்வாறு கூறியதனால், பிழையை ஆராயவே வேண்டா என்று யாம் விதித்தேமல்லேம். பிழையை ஆராயாத ஓதுவார் பண்ணைக் கெடுப்பர். ஆராயாத உரையாசிரியர் நூலைக் கெடுப்பர். ஆராயும் பொழுதும் ஆராயும் பொருளும் வேறு. பாடி முடித்தபின், ஆசிரியர்முன் அமர்ந்து, 'நான்காம் பாட்டில் இரண்டாமடி தாழ்ந்தொலித்தது' என்று அறிதல் ஆராய்ச்சி. அதற்கு மருந்து உண்டு: அவ்வடியை இருபதுமுறை ஓதுதல். 'நான் பாடத் தகாதவன்' என்பதற்கு எவ்வடியை ஓதுவது? மருந்தில்லாத நோயைக் கூறுவது வைத்தியம் அன்று. முன்னது செயலின் குற்றத்தைச் சுட்டும். பின்னது செய்வானையே குற்றமாக்கும்.

ஈண்டு ஆசிரியன்மாரை நோக்கியும் ஒரு சொல் கூறாது விடுத்தல் இயலாது. மாணாக்கனைப் பலர்முன் இழித்துரைத்தால் அவனுக்குப் பணிவு விளையும் என்னும் கொள்கை நம்மிடையே நெடுநாளாக உண்டு. எமக்கு அஃது உடன்பாடன்று. இழித்துரைத்தலால் விளைவது அச்சம். அச்சத்துக்குப் பணிவின் சாயல் உண்டு, அவ்வளவே. ஆசிரியர் ஒருமுறை கூறிய கடுஞ்சொல்லை மாணாக்கன் உள்ளம் ஆயிரமுறை கூறிக்கொள்ளும். ஆசிரியர் மறந்த பின்னும் அது மறவாது. மேலே கூறிய உட்குரல், பலரிடத்து, ஒருகாலத்தில் வெளியிலிருந்து கேட்ட குரலே என்பதை நினைவிற் கொள்க. குற்றத்தைத் தனித்தழைத்துக் கூறுதலும், அடியைத் தாமே ஒருமுறை பாடிக் காட்டுதலும் ஆசிரியர்க்கு எத்துணை நேரம் பிடிக்கும்?

மற்றொன்று. இத்தன்னிகழ்ச்சி சிலரிடத்து ஓரளவில் நில்லாது, ஊணும் உறக்கமும் கெட்டு, உயிர்வாழ்தலே வேண்டா என்னும் அளவுக்கு முற்றுவதும் உண்டு. அந்நிலையுற்றாரிடத்துத் தசகாரியம் பேசுதல் பொருந்தாது. காலந் தாழ்த்தாது உளநோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதலே செயற்பாலது. உடம்பும் கரணங்களும் மாயையின் ஆக்கமாதலின், அவற்றின் நோய்க்கு மருந்தும் மாயையினின்றே இறைவன் கூட்டியுள்ளான். மருந்துண்ணுதலைத் திருவருளில் நம்பிக்கை இன்மையாகக் கருதி இழித்துரைப்பார் சொல்லைக் கேளற்க.

தத்துவ சுத்தி ஆன்ம சுத்தியாய் முதிருமிடத்து, இவ்வுட்குரல் முற்றும் ஒழியுமா, அன்றி வாசனைமாத்திரையாய் நின்று தொடருமா என்பது வேறோர் ஆராய்ச்சி. வாசனாமலம் பற்றி உரையாசிரியர் கூறியவற்றோடு வைத்து அதனைப் பிறிதொருகால் ஆராய்வாம்.